ரி.எல்.பி. மோதலும் ஹைப்பர்வைசரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் பம்பலப்பிட்டிப் பக்கம் வாங்கிய பழைய இன்ரெல் சியோன் சேர்வர் ஒன்றை யாழ்ப்பாணத்தில் கடையின் பின்னறையிலோ வீட்டு விறாந்தையிலோ வைத்து, அதில் கே.வி.எம். போட்டு (ஒரு இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஹைப்பர்வைசர் மென்பொருள்களில் ஒன்று, லினக்ஸோடு வருவது) நாலைந்து வி.எம்., அதாவது மெய்நிகர் இயந்திரம், ஓட்டுகிற பெடியள் இப்போது கூடிவிட்டார்கள். கணக்கு மென்பொருளுக்கு ஒன்று, கொம்பனி இணையத்தளத்துக்கு ஒன்று, கம்பஸ் புரொஜெக்ற்றுக்கு ஒன்று. அவர்கள் கேட்கிற கேள்விகளில் நெற்வேர்க் பற்றியவற்றுக்கு எங்கும் பதில் கிடைக்கும். மெமரி முகவரி பற்றியவற்றுக்குத் தமிழில் பதில் தேடினால் பெரும்பாலும் வெறுங்கைதான். அதனால் இந்தப் பக்கம்.

ரி.எல்.பி. என்ன செய்கிறது?

புரோகிராம் பாவிக்கும் முகவரி வேறு, ரெம்மில் உள்ள உண்மை முகவரி வேறு. ஒன்றிலிருந்து மற்றதைக் கண்டுபிடிக்கப் பக்க அட்டவணை இருக்கிறது. 64 பிற் இன்ரெல், ஏ.எம்.டி. சிப்புகளில் அது வழக்கமாக நாலு மட்டம். வி.எம். வந்தால் வேலை பெருகும். வி.எம்.முக்குள் ஓடுவது கெஸ்ற், அதைத் தாங்கும் உண்மை இயந்திரம் ஹோஸ்ற். கெஸ்ற்றின் அட்டவணையில் ஒவ்வொரு படியிலும் கிடைப்பதே கெஸ்ற் முகவரிதான், அதை ஹோஸ்ற்றின் நாலு மட்ட அட்டவணையில் இன்னொரு முறை தேட வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒரு முகவரிக்கு 24 தடவை வரை மெமரியைத் தொட நேரும். ஒவ்வொரு கட்டளைக்கும் இப்படி நடந்தால் சேர்வர் நகராது. ஆகவே ஒருமுறை கண்டுபிடித்த விடையை பிரொசெசர் தனக்குள் ஒரு சிறிய கேஷில் போட்டு வைக்கிறது. அதுதான் ரி.எல்.பி.

உண்மையிலேயே சிறியதுதான். இன்ரெல்லின் ஸ்கைலேக் சிப்பின் ஒவ்வொரு கோரிலும் (பிரொசெசருக்குள் தனியாக வேலை செய்யும் பகுதி) இரண்டாம் மட்ட ரி.எல்.பி.க்கு 1536 பதிவுகள். 4 கிலோபைற் பக்கமாக இருந்தால் அது 6 மெகாபைற் மெமரிக்குத்தான் காணும். அதே 1536 பதிவும் 2 மெகாபைற் பக்கங்களாக இருந்தால் 3 கிகாபைற்றை மூடிவிடும். ஹைப்பர்வைசர்கள் பெரிய பக்கங்களை விரும்புவதற்குக் காரணம் இந்தக் கணக்குத்தான். மோசமான மோதல்கள் வருவதும் இந்தப் பெரிய பக்கங்களால்தான், அதற்குக் கீழே வருவேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சாதாரண டேற்றா கேஷில் ஒரு கோர் எழுதினால் மற்றக் கோர்களுக்கு வன்பொருளே தெரியப்படுத்தும். ரி.எல்.பி.க்கு அந்த வசதி இல்லை. அட்டவணையை நீங்கள் மாற்றினாலும் ரி.எல்.பி. திரும்பிப் பார்க்காது. 'அந்தப் பதிவை எறி' என்று மென்பொருள்தான் சொல்ல வேண்டும். கீழே வரும் கோளாறுகளில் கிட்டத்தட்ட எல்லாமே, யாரோ ஒருவர் இதைச் சொல்லாமல் விட்டதால் அல்லது பிந்திச் சொன்னதால் வந்தவை.

அப்போ 'மோதல்' என்பது எது?

மூன்று விடயங்களை எல்லோரும் இந்த ஒரே பெயரால் சொல்கிறார்கள். ஒருவருடைய பதிவு இன்னொருவருக்குப் பொருந்திவிடுவது ஒன்று. அட்டவணை மாறிய பிறகும் பழைய பதிவு உள்ளே கிடப்பது இன்னொன்று. ஒரே முகவரிக்கு இரண்டு பதிவுகள் ஒரே நேரத்தில் பொருந்துவது மூன்றாவது. சிப் தயாரிப்பாளர்களின் கையேடுகளில் மோதல் என்று கண்டால் அநேகமாக மூன்றாவதைத்தான் நினைக்க வேண்டும். ஆனால் சேர்வர் வைத்திருப்பவரின் நித்திரையைக் கெடுக்க வேண்டியது இரண்டாவதுதான் என்பது என் எண்ணம், அது சத்தமில்லாமல் நடப்பதால்.

இரண்டு வி.எம். ஒரே முகவரியைப் பாவித்தால் குழம்பாதா?

எங்கள் ஊர்களில் 'பிள்ளையார் கோவிலடி' இல்லாத இடம் இல்லை. ஓட்டோக்காரரிடம் ஊரைச் சொல்லாமல் பிள்ளையார் கோவிலடி என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் இறக்குவாரோ தெரியாது. ரி.எல்.பி. பதிவுக்கும் ஊர்ப்பெயர் வேண்டும், அதற்காக ஒவ்வொரு பதிவிலும் ஓர் இலக்கம் ஒட்டப்படுகிறது. இன்ரெல்லில் அதற்கு வி.பி.ஐ.டி. என்று பெயர், ஆர்ம் வகைச் சிப்புகளில் வி.எம்.ஐ.டி. ஏ.எம்.டி.யில் ஏ.எஸ்.ஐ.டி. என்பார்கள். ஆர்மும் அதே ஏ.எஸ்.ஐ.டி. என்ற பெயரை, ஒரு வி.எம்.முக்குள்ளே ஓடும் தனித்தனிப் புரோகிராம்களைப் பிரிக்கப் பாவிக்கிறது. ஆவணம் வாசிக்கும்போது கவனம்.

வி.எம். ஓட்ட உதவும் வி.ரி. வசதியோடு 2005இல் வந்த முதல் இன்ரெல் சிப்புகளில் இந்த இலக்கம் இருக்கவில்லை. அதனால் வி.எம்.முக்குள் போகும்போதும் வெளியே வரும்போதும் ரி.எல்.பி. முழுதாகக் கழுவப்பட்டது, அதாவது அதிலிருந்த பதிவுகள் எல்லாம் எறியப்பட்டன. மோதலுக்கு இடமில்லை, வேகத்துக்கும் இடமில்லை. 2008இல் நெஹேலம் என்ற இன்ரெல் சிப் வந்தபோது வி.பி.ஐ.டி.யும் இரண்டடுக்கு அட்டவணையான ஈ.பி.ரி.யும் சேர்ந்து வந்தன. வி.பி.ஐ.டி. 16 பிற், அதில் 0 ஹோஸ்ற்றுக்குரியது.

இலக்கங்கள் தீர்ந்துபோனால்?

ஆர்மில் வி.எம்.ஐ.டி. முதலில் 8 பிற்தான், அதாவது 256. பிறகு வந்த 8.1 பதிப்பில் 16 பிற் வைக்க இடம் தந்தார்கள். தீர்ந்தால் ஹைப்பர்வைசர் 'தலைமுறை' எண்ணை ஒன்று கூட்டி, எல்லாக் கோர்களிலும் ரி.எல்.பி.யைக் கழுவிவிட்டு, இலக்கங்களை முதலிலிருந்து பங்கிடும். ஏ.எம்.டி.யில் கே.வி.எம். இதையே ஒவ்வொரு கோருக்கும் தனியாகச் செய்கிறது. கழுவாமல் இலக்கத்தை மறுபடி கொடுத்தால், இறந்துபோன வி.எம்.மின் பதிவுகள் புதிய வி.எம்.முக்குப் பொருந்திவிடும்.

ஒரே வி.எம்.மின் இரண்டு வி.சி.பி.யு. (வி.எம்.முக்குக் கொடுக்கும் மெய்நிகர் சி.பி.யு.) ஒரே கோரில் மாறி மாறி ஓடினால்? இலக்கம் ஒன்றுதானே, பிரச்சினை வராதே?

வரும். நல்ல கேள்வி, பலர் இதை நினைப்பதில்லை.

ஒரு கெஸ்ற்றில் இரண்டு சி.பி.யு. இருக்கிறது என்று வையுங்கள். கெஸ்ற் கேர்னல், அதாவது அதன் இயங்குதளத்தின் மையப்பகுதி, தன் ஒவ்வொரு சி.பி.யு.வுக்கும் வேறு வேறு பக்க அட்டவணையைப் பாவித்து, இரண்டுக்கும் அதே ஏ.எஸ்.ஐ.டி.யைக் கொடுக்கலாம். உண்மை இயந்திரத்தில் அது சரி, ஏனென்றால் ஒரு சி.பி.யு.வின் ரி.எல்.பி. மற்றதற்குத் தெரியாது. ஆனால் ஹைப்பர்வைசர் அந்த இரண்டு வி.சி.பி.யு.வையும் ஒரே கோரில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால்? முதலாவது விட்டுச்சென்ற பதிவு வி.எம்.ஐ.டி.யிலும் ஏ.எஸ்.ஐ.டி.யிலும் பொருந்துகிறது, முகவரியிலும் பொருந்துகிறது. இரண்டாவது அதை எடுத்துப் பாவித்துவிடும். கெஸ்ற்றின்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஆர்மில் கே.வி.எம். இதற்கு ஒரு சின்னத் தந்திரம் செய்கிறது. ஒவ்வொரு கோரிலும் இந்த வி.எம்.மின் எந்த வி.சி.பி.யு. கடைசியாக ஓடியது என்று குறித்துவைக்கும். இப்போது வருவது அதுவல்ல என்றால், அந்தக் கோரில் மட்டும் அந்த வி.எம்.ஐ.டி.யின் பதிவுகளைக் கழுவும். ஏ.எம்.டி.யின் எஸ்.ஈ.வி. வி.எம்.களிலும், அதாவது மெமரியைப் பூட்டிவைக்கும் வி.எம்.களிலும், இதே கணக்குத்தான். அங்கே ஏ.எஸ்.ஐ.டி. மெமரியைப் பூட்டும் சாவியோடு கட்டுப்பட்டிருப்பதால் வி.எம். முழுவதுக்கும் ஒரே இலக்கம். ஆகவே வி.சி.பி.யு. கோர் மாறினாலும், கோரில் வேறு வி.சி.பி.யு. ஓடியிருந்தாலும் கழுவ வேண்டும்.

வி.சி.பி.யு.க்களைக் கோர்களோடு கட்டிவைத்தால் வேகம் கூடுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தக் கழுவல் குறைவதும் அதற்கு ஒரு காரணம்.

ஒரே முகவரிக்கு இரண்டு பதிவு எப்படி வரும்?

பக்கத்தின் அளவை மாற்றும்போது வரும். 2 மெகாபைற் பக்கம் ஒன்றுக்கு ரி.எல்.பி.யில் பதிவு இருக்கிறது. யாரோ அந்தப் பக்கத்தை 512 சிறு பக்கங்களாக உடைத்து அட்டவணையில் எழுதுகிறார், பழைய பதிவை எறியவில்லை. அடுத்த தடவை தேடும்போது 4 கிலோபைற் பதிவு ஒன்றும் உள்ளே வந்துவிடுகிறது. இப்போது ஒரு முகவரிக்கு இரண்டு விடை.

இன்ரெல் 2019 நவம்பர் 12இல் வெளியிட்ட சிவிஈ-2018-12207 என்ற பாதுகாப்புக் குறை இதுதான். கட்டளைகளை எடுக்கும் ரி.எல்.பி.யில் இப்படி இரண்டு பொருந்தினால், பாதிக்கப்பட்ட சிப்புகள் மெஷின் செக் என்ற வன்பொருள் பிழை அறிவிப்பை எறிந்து ஹோஸ்ற் முழுதாக விழக்கூடும். கெஸ்ற் கேர்னலில் அதிகாரம் உள்ள ஒருவர் தன் சொந்த வி.எம்.முக்குள் இருந்துகொண்டே, பக்கத்து வி.எம்.கள் அனைத்தையும் ஒரேயடியாக விழுத்தலாம். ஈ.பி.ரி. வந்தபின் கெஸ்ற் தன் அட்டவணையில் என்ன எழுதுகிறது என்று ஹைப்பர்வைசருக்குத் தெரியவே தெரியாது, அங்கேதான் சிக்கல். பழைய நிழல் அட்டவணை முறையில் கெஸ்ற் அட்டவணையை ஹைப்பர்வைசர் கண்காணித்தபடி இருந்தது. இப்போது கெஸ்ற் கழுவ மறந்தாலும், வேண்டுமென்றே கழுவாமல் விட்டாலும், பிடிக்க வழியில்லை.

அதனால் கே.வி.எம். கெஸ்ற்றைத் திருத்தப் பார்க்காமல் தன் பக்கத்தைப் பூட்டியது. ரி.எல்.பி.யில் விழும் பதிவின் அளவு, கெஸ்ற் பக்கத்தின் அளவு, ஹோஸ்ற் பக்கத்தின் அளவு இரண்டில் எது சிறியதோ அது. எனவே ஹோஸ்ற் பக்கத்தில் பெரிய பக்கங்களுக்கு 'கட்டளை ஓட்ட முடியாது' என்று முத்திரை குத்திவிடுகிறது. கெஸ்ற் அங்கிருந்து கட்டளை ஓட்ட முயன்றால் தடை வரும். உடனே கே.வி.எம். அந்தப் பக்கத்தை 4 கிலோபைற்களாக உடைத்து, தேவையான துண்டுக்கு அனுமதி கொடுக்கும். கெஸ்ற் என்ன விளையாட்டு விளையாடினாலும் கட்டளை ரி.எல்.பி.யில் பெரிய பதிவு வராது. டேற்றாவுக்குப் பெரிய பக்கம் அப்படியே இருக்கும். சென் என்ற இன்னொரு ஹைப்பர்வைசரிலும் இதே யோசனைதான், அறிவித்தல் இலக்கம் எக்ஸ்.எஸ்.ஏ.-304.

ஏ.எம்.டி. சிப்புகளுக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் அவர்களுடைய பழைய 10எச் குடும்பத்தில் 383ஆம் இலக்க வழு இருந்தது: அட்டவணையை ஓடும்போதே மாற்றினால் மெஷின் செக் வரலாம். அதற்குக் கே.வி.எம். எழுதிய மருந்து எனக்குப் பிடித்த ஒன்று. மெஷின் செக் வந்ததும் பிழைக் குறி சரியாக அந்த வழுவினுடையதா என்று பார்க்கும். ஆம் என்றால் பிழைப் பதிவேடுகளைத் துடைத்து, ரி.எல்.பி.யைக் கழுவி, அந்தக் கெஸ்ற்றை மட்டும் நிறுத்திவிட்டு ஹோஸ்ற்றைத் தொடர்ந்து ஓடவிடும். குழப்படி செய்தவருக்கு மட்டும் அடி.

ஆர்மில் இது எப்படி?

ஆர்ம் இதை வழுவாகப் பார்க்காமல் விதியாகவே எழுதி வைத்திருக்கிறது. இரண்டு பதிவு பொருந்தினால் சிப் 'ரி.எல்.பி. மோதல் அபோர்ட்' என்ற பிழையை எழுப்பலாம், அதன் நிலைக்குறி இரும எண்ணில் 110000. எழுப்பாமலும் விடலாம். அப்படி விட்டால் இரண்டு பதிவில் ஒன்றைப் பாவிக்கலாம், இரண்டையும் கலந்த ஏதோ ஒன்றையும் பாவிக்கலாம். இதை வாசித்துவிட்டு ஒருவரும் நிம்மதியாக இருக்க முடியாது.

ஆகவே ஒழுங்கு இது: பழைய பதிவை முதலில் செல்லாததாக்கு, அது எல்லோருக்கும் தெரியும்வரை தடுப்புக் கட்டளை போட்டுக் காத்திரு, ரி.எல்.பி.யைக் கழுவு, கழுவல் முடியும்வரை மறுபடியும் காத்திரு, அதன் பிறகே புதியதை எழுது. உடைத்த பிறகுதான் கட்டலாம். இடையில் யாராவது அந்த முகவரியைத் தொட்டால் தடை வரும், அது பரவாயில்லை.

மோதல் அபோர்ட் ஹைப்பர்வைசரிடமே வந்து சேர்ந்தால், குறித்த ஒரு முகவரியை மட்டும் கழுவிவிட்டுச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். எந்தப் பதிவு எதனோடு மோதியது என்று நிச்சயமில்லாத நிலை அது. அந்த வி.எம்.ஐ.டி.யின் இரண்டு அடுக்குப் பதிவுகளையும் சேர்த்துக் கழுவி, கெஸ்ற்றைத் திரும்ப ஓடவிடுவதுதான் வழி. புதிய ஆர்ம் சிப்புகளில் அளவு மாற்றத்தைத் தளர்வாகச் செய்ய அனுமதிக்கும் வசதி உண்டு. ஆனால் அதன் இரண்டாம் மட்டத்திலும் அபோர்ட் வர இடமிருக்கிறது. அபோர்ட் எழுப்பாது என்று தெரிந்த கோர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அவற்றில் மட்டுமே லினக்ஸ் அதைப் பாவிக்கிறது.

அண்ணை, என்ரை சேர்வர் இரவில் தானாக ரீபூற் ஆகுது. இதுதானா காரணம்?

அநேகமாக இல்லை, தம்பி. ஒழுங்கான லினக்ஸோ விண்டோஸோ அளவு மாற்றும்போது கழுவத்தான் செய்யும். நீங்கள் தெரியாத ஆட்களுக்கு வி.எம். வாடகைக்கு விடவில்லை என்றால் இதைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். முதலில் கரண்டையும் யூ.பி.எஸ். பற்றறியையும் பாருங்கள், பிறகு ரெம், பிறகு சூடு. பங்குனி, சித்திரை வெயிலில் ஏ.சி. இல்லாத அறையில் இரட்டைச் சியோன் என்ன பாடுபடும் என்று சொல்லத் தேவையில்லை.

பிரித்தறிய வழி உண்டு. மின்சாரம் போனால் லொக் நடு வரியில் நிற்கும், காரணம் ஒன்றும் எழுதப்பட்டிருக்காது. மெஷின் செக் என்றால், சிப்பின் பிழை வங்கிகளில் (பிழையைக் குறித்துவைக்கும் பதிவேடுகள்) விவரம் கிடக்கும். மின்சாரம் அறாமல் ரீசெற் ஆனால் அந்த விவரம் அழியாது. அடுத்த பூற்றில் லினக்ஸ் அதை எடுத்து 'ஹார்ட்வெயார் எரர்' என்ற தலைப்போடு லொக்கில் எழுதும். ஆகவே சேர்வர் உறைந்து நின்றால் பிளக்கைப் பிடுங்காதீர்கள், ரீசெற் பொத்தானை அழுத்துங்கள். எங்கள் ஆட்களின் முதல் வேலையே பிளக்கைப் பிடுங்குவதுதான், சாட்சியும் அதோடு போய்விடும்.

லொக்கில் வங்கி இலக்கத்தைப் பாருங்கள். இன்ரெல்லில் வங்கி 0 கட்டளை எடுக்கும் பகுதிக்குரியது. மெமரிக் கட்டுப்படுத்தியின் வங்கிகளில் பிழை இருந்தால் ரெம் துண்டுகளைக் கழற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள், ரி.எல்.பி.யைத் திட்ட வேண்டாம்.

பெரிய பக்கங்களில் கட்டளை ஓடவிடாத அந்தக் கே.வி.எம். பாதுகாப்பை நிறுத்தினால் வேகம் கூடுமா?

கட்டளை நிறைய ஓடும் வி.எம்.களில் கொஞ்சம் கூடலாம். கே.வி.எம்.மில் 'என்.எக்ஸ். ஹியூஜ் பேஜஸ்' என்ற அமைப்புக்குத் தானியங்கி, நிறுத்து, கட்டாயம் போன்ற நிலைகள் உண்டு. உங்கள் சிப் பாதிக்கப்பட்டதா என்பதை, லினக்ஸின் சிஸ் அடைவில் சி.பி.யு. பலவீனங்கள் பட்டியலில் 'ஐ.ரி.எல்.பி. மல்ரிஹிற்' என்ற கோப்பு சொல்லும். 2014, 2016 காலத்து ஈ5 மூன்றாம், நாலாம் பதிப்புச் சியோன் என்றால், அதாவது இங்கே பின்னறைகளில் அதிகம் ஓடுபவை, பாதிக்கப்பட்டவைதான்.

எல்லா வி.எம்.மும் உங்களுடையது, ரூட் கடவுச்சொல் வேறு ஒருவரிடமும் இல்லை என்றால் நிறுத்துவது உங்கள் விருப்பம். ஒரு வி.எம். வாடிக்கையாளர் கையில் இருந்தாலும் நிறுத்தாதீர்கள். உடைந்த பக்கங்கள் அப்படியே கிடந்துவிடும் என்றும் பயப்பட வேண்டாம். பின்னணியில் ஓடும் ஒரு திரெட் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும், சராசரியாக ஒரு மணித்தியாலத்தில் ஒரு பக்கத்தின் முறை வரும்.

பழைய பதிவு கிடப்பதால் அப்படி என்ன நடந்துவிடும்?

ஹோஸ்ற் ஒரு வி.எம்.மிடமிருந்து பக்கம் ஒன்றைத் திரும்ப எடுக்கிறது. பலூன் ஊதியதாலோ (கெஸ்ற்றுக்குள் ஒரு டிரைவர் மெமரியைப் பிடித்து ஹோஸ்ற்றுக்குத் திருப்பிக் கொடுப்பது), ஸ்வொப் செய்ததாலோ (டிஸ்குக்கு மாற்றுவது), ஒரே உள்ளடக்கமுள்ள பக்கங்களை ஒன்றாக்கியதாலோ. அட்டவணையில் நீக்கியாயிற்று, பக்கத்தை இன்னொரு வி.எம்.முக்கும் கொடுத்தாயிற்று. ஆனால் ஒரு கோரின் ரி.எல்.பி.யில் பழைய பதிவு இன்னும் இருக்கிறது. முதல் வி.எம். அங்கே எழுதினால், கணக்கு மென்பொருள் வி.எம்.மின் மெமரியில் இணையத்தள வி.எம். கை வைக்கும். பிழைச் செய்தி வராது, மெஷின் செக்கும் வராது. மூன்று நாள் கழித்து டேற்றாபேஸ் கெட்டுப்போய்க் கிடக்கும்.

எனவே வரிசை மாறக்கூடாது: நீக்கு, எல்லாக் கோர்களிலும் கழுவு, கழுவி முடிந்தது உறுதியான பின்பே பக்கத்தை விடுவி. இன்னொரு வசதியான விதியும் உண்டு. அனுமதியைக் கூட்டும்போது கழுவலைத் தள்ளிப்போடலாம், பழைய பதிவால் வருவது ஒரு வீண் தடை மட்டும்தான். குறைக்கும்போது தள்ளிப்போட முடியாது. லைவ் மைகிரேஷனில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் வி.எம்.மை வேறு சேர்வருக்கு நகர்த்தும்போது, எழுதிய பக்கங்களைக் கண்டுபிடிக்க எழுத்து அனுமதியை எடுப்பார்கள் அல்லவா, அங்கே கழுவல் தவறினால் மாறிய பக்கம் மாறாததாகக் கணக்கில் போய், பழைய டேற்றாவோடு வி.எம். மறுபக்கத்தில் எழும்பும்.

மற்றக் கோர்களைக் கழுவச் சொல்வது ஏன் இவ்வளவு செலவு?

ஆர்மில் ஒரே கட்டளை எல்லாக் கோர்களுக்கும் போகும். இன்ரெல்லில் வழமையாக ஒவ்வொரு கோருக்கும் இன்ரரப்ற் (செய்யும் வேலையை இடைநிறுத்தும் சைகை) அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். ஏ.எம்.டி. தன் ஸென் 3 சிப்புகளிலிருந்து பரப்பும் கட்டளை ஒன்றைத் தந்திருக்கிறது. வி.எம்.முக்குள் இந்தக் காத்திருப்பு இன்னும் நீளும், ஏனென்றால் பதில் சொல்ல வேண்டிய வி.சி.பி.யு. அந்த நேரம் ஓடாமல் வரிசையில் நிற்கலாம். எட்டுக் கோர் சேர்வரில் முப்பது வி.சி.பி.யு. பங்கிட்டவர்களுக்குத்தான் இது சொல்கிறேன். கே.வி.எம்.மில் லினக்ஸ் கெஸ்ற் இதற்கு உதவி பெறலாம்: ஓடாத வி.சி.பி.யு.வுக்கு இன்ரரப்ற் அனுப்பாமல் ஒரு கொடியை உயர்த்திவிட்டால், அது திரும்ப ஓடமுன் ஹைப்பர்வைசரே கழுவிவிடும். கெஸ்ற்றின் இன்ரரப்ற் பட்டியலில் ரி.எல்.பி. என்று தொடங்கும் வரி வேகமாக ஏறுகிறதா என்று ஒருக்கா பாருங்கள்.

நெற்வேர்க் கார்ட் போன்ற ஒரு கார்டை நேரடியாக வி.எம்.முக்குக் கொடுத்தால்?

கார்டுகள் மெமரியைத் தொடும்போது முகவரியை மாற்றிக்கொடுக்கும் ஐ.ஓ.எம்.எம்.யு.வுக்கும் சொந்தமாக ஒரு ரி.எல்.பி. உண்டு. அதையும் கழுவ வேண்டும், சி.பி.யு.வைக் கழுவினால் அது கழுவப்படாது.

இறுதியாண்டுப் புரொஜெக்ற்றுக்குச் சின்ன ஹைப்பர்வைசர் எழுதுகிறேன். விளங்காத இடத்தில் கெஸ்ற் விழுகிறது. கழுவல் பிழையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கெஸ்ற்றுக்குள் நுழைகிற ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் கழுவுங்கள். ஆமைபோல் ஓடும், பரவாயில்லை. அப்படியும் விழுந்தால் உங்கள் அட்டவணையே பிழை, ரி.எல்.பி.யை விட்டுவிட்டு அங்கே தேடுங்கள். விழாமல் நின்றால் எங்கோ ஒரு கழுவல் தவறியிருக்க நல்ல வாய்ப்பு, ஆனால் வேகம் குறைந்ததால் வேறு நேரப் பிழை ஒன்று ஒளிந்துகொண்டதாகவும் இருக்கலாம். பிறகு முழுக் கழுவலை எடுத்துவிட்டு, அட்டவணையை மாற்றும் இடங்கள் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் கெஸ்ற் விழாமல் ஓடுகிறதோ அங்கேதான் விட்டிருக்கிறீர்கள். இதை ஒரு வி.சி.பி.யு.வோடு தொடங்குங்கள். ஒன்றில் நின்று இரண்டில் விழுந்தால், மற்றக் கோருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்களா என்றும், மேலே சொன்ன ஒரே கோர், இரண்டு வி.சி.பி.யு. கதையா என்றும் பாருங்கள். வி.சி.பி.யு.க்களைத் தனித்தனிக் கோர்களில் கட்டிவிட்டால் இரண்டாவது மறையும், முதலாவது மறையாது.